அக்கரையில் சிரியம்

2019 கோடை விடுமுறைக்கு நாங்கள் பிரான்ஸ் போயிருந்தோம். லண்டனில் இருக்கும் நிறையக் குடும்பங்கள் செய்வதுதான். கடலுக்கடியில் போகும் ரயிலில் காரை ஏற்றி, அந்தப் பக்கம் இறங்கி, ஒரு நாள் முழுக்கத் தெற்கே ஓட்டி, தோர்தோன் ஆற்றங்கரையில் ஒரு வாரம் இருந்தோம். லா ரோக் கஜாக் என்று ஒரு ஊர். பின்னால் செங்குத்தான பாறை, முன்னால் ஆறு, நடுவே ஒற்றை வரிசையாகக் கல் வீடுகள். அந்தக் காலத்தில் சரக்கு ஏற்றிய தட்டைப் படகுகளின் மாதிரியில் இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகிறார்கள். அம்மாவும் எங்களுடன் வந்திருந்தார்.

படகில் உட்கார்ந்திருந்தபோது என் பெண் கேட்டாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

"அம்மாச்சி, உங்க ஊர்லயும் இப்படி ஆறு இருந்துச்சா?"

அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இருந்துச்சே. இதைவிடப் பெரிசு. இக்கரையில நாங்க, அக்கரையில சிரியம்."

எனக்கு அப்போது நாற்பது வயது. இந்தப் பதிலை நான் முதல்முறையாகக் கேட்கிறேன். எனக்குத் தெரிந்து அம்மாவின் ஊர் சென்னை வியாசர்பாடி. அதற்கு முன்னால் "பர்மா" என்று ஒரு சொல் இருந்தது. எல்லாம் போச்சு, பதிமூன்று வயதில் கப்பலேறி வந்தோம் என்பதோடு அந்தக் கதை முடிந்துவிடும். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை. பேத்தி கேட்டாள், பதில் வந்தது.

அந்த டிசம்பரில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு யாங்கோன் போனேன். அம்மாவுக்கு அது 54 வருஷம் கழித்து.

தின்கன்ஜூன் வீடு

தின்கன்ஜூன் யாங்கோன் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி. பர்மிய மொழியில் 'கியூன்' என்றால் தீவு. பேச்சில் அது 'ஜூன்' ஆகிவிடுகிறது. கிழக்கு எல்லையில் ஓர் ஓடை போகிறது. அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இது ஊருக்கு வெளியே என்று சொல்லும்படி இருந்ததாம். இப்போது அடுக்குமாடிகள், டீக்கடைகள், துவுன்னா கால்பந்து மைதானம் என்று ஒரே நெரிசல்.

அங்கேதான் பெரியம்மா இருக்கிறார், அம்மாவின் ஒரே அக்கா. 1965ல் குடும்பமே கப்பலேறியபோது பெரியம்மா மட்டும் போகவில்லை. "அக்கா வரமாட்டேன்னுட்டா" என்பதுதான் அம்மா எங்களுக்குச் சொன்னது. பிறகு எப்போதோ ஒரு கடிதம், கடைசி ஏழெட்டு வருஷமாக போனில் வாரத்துக்கு ஒரு வணக்கம். அவ்வளவுதான்.

வாசலில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நான் கைப்பையில் டிஷ்யூ எல்லாம் வைத்திருந்தேன். அழவில்லை. பெரியம்மா லோன்ஜியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, "வாடி, சாப்டியா?" என்றார். அம்மா, "பிளேன்ல குடுத்தாங்கக்கா" என்றார். உள்ளே போய்விட்டோம்.

மறுநாள் காலை மொஹிங்கா. மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்டு, மேலே வறுத்த பூண்டு, கொத்தமல்லி, அவித்த முட்டை. என் பையன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். பெரியம்மாவின் தமிழ் சுத்தமான ராமநாதபுரத்துத் தமிழ். ஆனால் நடுநடுவே "ஹொத்தே, ஹொத்தே" வரும். ஆமாம் என்று அர்த்தம்.

பெரியம்மாவின் மகன்வழிப் பேரனுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். தமிழ் எங்கே படித்தாய் என்று கேட்டேன். "கோயில்ல, அத்தை. ஞாயித்துக்கிழமை கிளாஸ்" என்றான். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, தமிழ் அங்கே கோயில்களிலும் வீடுகளிலும்தான் உயிரோடு இருந்திருக்கிறது. என் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவளும் லண்டனில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் கிளாஸ் போகிறவள்தான், ஒவ்வொரு வாரமும் அழுதுகொண்டே. அன்று இரண்டு பேரும் எந்த எழுத்து ரொம்பக் கஷ்டம் என்று பேசிக்கொண்டார்கள். ஏகமனதாக 'ஞ' ஜெயித்தது.

"நாளைக்கு ஞாயிறு. சிரியம் போவோமா?" என்றார் பெரியம்மா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் எல்லாருக்கும் முன்னால் குளித்துத் தயாராக இருந்தது அம்மாதான்.

பாலத்தைத் தாண்டி

சிரியம் என்பது வெள்ளைக்காரர்கள் வைத்த உச்சரிப்பு. நம் பழைய ஆட்களும் அப்படியே சொன்னார்கள். பர்மியப் பெயர் தன்லின். பாகோ ஆற்றின் அந்தக் கரையில் இருக்கிறது. அம்மா காலத்தில் படகில்தான் போக வேண்டும். இப்போது ஒன்றரை கிலோமீட்டருக்கும் நீளமான பாலம். 1993ல் திறந்தது. நடுவில் ரயில் பாதையும் உண்டு. பேரன் வேன் ஓட்டினான். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பாலம் முடியும்வரை பேசவே இல்லை.

யாங்கோன் பெரிய ஊராக ஆவதற்கு முன்னால் துறைமுகம் என்றால் அது சிரியம்தான். 1599 வாக்கில் பிலிப் த பிரித்தோ என்ற போர்ச்சுக்கீசியர், அரக்கான் ராஜாவுக்குக் கூலிப்படையாக வந்தவர், இந்த ஊரைத் தன் கையில் வைத்துக்கொண்டு குட்டி ராஜாவாகவே ஆகிவிட்டார். ஷ்வேதகோன் பகோடாவில் தம்மசேதி மன்னர் 15ஆம் நூற்றாண்டில் வார்த்துக் கொடுத்த பிரம்மாண்டமான மணி ஒன்று இருந்தது. 300 டன் எடை என்பார்கள். 1608ல் பீரங்கி வார்ப்பதற்காக அதைக் கழற்றி ஆற்று வழியாக சிரியத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார் த பிரித்தோ. பாரம் தாங்காமல் மணி ஆற்றோடு போய்விட்டது. இன்றுவரை எத்தனையோ பேர் தேடிவிட்டார்கள், கிடைக்கவில்லை. 1613ல் பர்மிய ராஜா அனௌக்பெத்லுன் சிரியத்தைப் பிடித்து த பிரித்தோவைக் கழுவேற்றினார்.

மணி கதை என் பையனுக்குப் போதும். ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் "இங்கதான் இருக்கும்" என்று ஒரு இடத்தைக் காட்டினான்.

ஊருக்குள் பழைய தேவாலயம் ஒன்றின் செங்கல் சுவர்கள் நிற்கின்றன. போர்ச்சுக்கீசியக் கோயில் என்று சொல்கிறார்கள். கட்டியது 1750 வாக்கில், இத்தாலியிலிருந்து வந்த பாதிரிமார்கள். கூரை இல்லை, கதவு இல்லை. லா ரோக் கஜாக்கில் பார்த்ததுபோல் டிக்கெட் கவுண்டரும் தகவல் பலகையும் காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிபெயர்ப்பும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கதையை நாமேதான் சொல்ல வேண்டும்.

நான் சொன்ன கதை இது. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களுக்கு சிரியத்தின் மேல் ஒரு கண். கப்பல் கட்டத் தேக்கு இங்கேதான் கிடைக்கும். 1751ல் புதுச்சேரி கவர்னர் தூய்ப்ளே, புரூனோ என்ற அதிகாரியை இங்கே அனுப்பி, பர்மியர்களோடு சண்டையில் இருந்த மோன் ராஜ்யத்தோடு கூட்டுச் சேர்ந்தார். அந்தப் பக்கம் அலாங்பயா ராஜா கிளம்பி வந்தார். 1755ல் எதிர்க்கரையில் இருந்த தகோன் என்ற ஊரைப் பிடித்து, 'சண்டை முடிந்தது' என்று அர்த்தம் வரும்படி யாங்கோன் என்று பெயர் வைத்தார். சண்டை முடியவில்லை. 1756 ஜூலையில் சிரியம் விழுந்தது. புரூனோவைக் கொன்றார்கள். அந்தத் தேவாலயமும் அப்போது போனதுதான். புதுச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த கப்பல் கோட்டை விழுந்த பிறகுதான் ஆற்றுக்குள் நுழைந்தது. அதையும் பிடித்துக்கொண்டார்கள். பிடிபட்ட பிரெஞ்சுப் பீரங்கிக்காரர்களைக் கொல்லாமல் தன் படையிலேயே சேர்த்துக்கொண்டார் ராஜா. பிறகு வடக்கே கிராமங்களில் நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அங்கே கிறிஸ்தவக் கிராமங்களாக அந்தச் சந்ததிகள் இன்றும் இருக்கிறார்கள்.

"அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லையா?" என்றான் பையன்.

"இல்லப்பா. இங்கேயே கல்யாணம் பண்ணி இருந்துட்டாங்க."

"பெரிய அம்மாச்சி மாதிரி" என்றாள் பெண். பெரியம்மா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

தாத்தாவின் புகைக்கூண்டு

சிரியத்தில் நம் குடும்பங்களுக்குச் சொந்தமான கதை அந்தக் கோட்டையில் இல்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இருக்கிறது. வடக்கே கிணறுகளில் எடுத்த எண்ணெய் இந்தக் கரையில் இருந்த பர்மா ஆயில் கம்பெனி ஆலைக்கு வந்தது. அங்கே தமிழர்களும் தெலுங்கர்களும் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், வயலில் நாற்று நட்டவர்கள், ஆலையில் டின் அடைத்தவர்கள், வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள், எல்லாரும் அதில் அடக்கம். என் தாத்தா டின் அடைத்தவர்.

1942 மார்ச் 7. ஜப்பான் படை நெருங்கிவிட்டது. அவர்கள் கையில் கிடைக்கக்கூடாது என்று வெள்ளைக்காரர்களே ஆலையைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். அதில் பெரும்பாலோர் மலையும் காடும் தாண்டி நடந்து போனவர்கள். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம்.

"நம்ம அப்பா நடக்கல" என்றார் பெரியம்மா, ஆலைப் பக்கம் கை காட்டி. "அம்மாவுக்கு அப்போ ஏழு மாசம். நடக்க முடியாது. அந்தப் பக்கம் சௌக்தான்கிட்ட ஒரு கிராமம். ஒரு பர்மாக்காரர், வயக்காரர், வீட்டுக்குப் பின்னால நெல்லுக் கொட்டகையில வச்சிக்கிட்டார். நாலு மாசம். அந்தக் குழந்தை தங்கல. அம்மா பொழச்சிச்சு."

அம்மா திரும்பிப் பார்த்தார். "இது எனக்குத் தெரியாதேக்கா."

"நீ சின்னப் புள்ள. உனக்கு யாரு சொல்லுவா?"

எங்கள் வீட்டில் பர்மியர் என்றால் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பியவர்கள் என்று மட்டும்தான் கேள்வி. அதுவும் நடந்ததுதான். 1962ல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகளை, வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். வியாசர்பாடியிலும் திருச்சியிலும் இருக்கும் பர்மா காலனிகள் அப்படி வந்தவை. ஆனால் நெல்லுக் கொட்டகையும் நடந்திருக்கிறது. என் பிள்ளைகளுக்கு நான் பாதிக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆற்று நடுவில் ஒரு கோயில்

சௌக்தான் போகும் ரோட்டில் அங்காள ஈஸ்வரி முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. நம்மூர்க் கோபுரம், நம்மூர் வண்ணம். திருநீறு வாங்க வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் கன்னத்தில் தனாகா பூசிய பர்மியர்கள். என் பெண் ஆச்சரியப்பட்டாள். "அவங்க ஹிந்துவா?" "இல்ல, சாமி நல்லா கேக்கும்னு வர்றாங்க" என்றான் பேரன். ஐந்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து தீமிதி பார்த்ததாக அம்மா சொன்னார். பூக்குழியின் சூடு முகத்தில் அடித்தது ஞாபகம் இருக்கிறதாம்.

கடைசியாக சௌக்தான். அங்கே ஆற்றோடையின் நடுவில் ஒரு சின்னத் தீவு, தீவு முழுக்க ஒரு பகோடா. யேலே பயா என்று பெயர். 'யே' தண்ணீர், 'லே' நடு. எவ்வளவு வெள்ளம் வந்தாலும் தீவு முழுகாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. படகில் போக வேண்டும். அங்கே கூட்டம் கூட்டமாகப் பெரிய கெளுத்தி மீன்கள் மேலே வரும், பொரி போடலாம். பிள்ளைகளைப் பேரன் படகில் கூட்டிப் போனான். நாங்கள் மூன்று பேரும் கரையிலேயே, படித்துறைக்கு மேலே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

அம்மாதான் ஆரம்பித்தார். "ஏன்க்கா நீ வரலை?"

பெரியம்மா டீயைக் கீழே வைத்தார். "வரமாட்டேன்னு நான் எப்படி சொன்னேன்?"

"அப்பா சொன்னார்."

"அப்பா என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? மாமியா படுத்த படுக்கையா கெடக்கு, நீ இப்ப இரு. நாங்க போய் ஒரு எடம் பார்த்துட்டு ஒன்னையும் மாப்பிள்ளையையும் கூப்பிடுறோம்னார். நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

"எத்தனை நாள்?"

"மாமியா செத்து, புள்ள பொறந்து, அப்புறமும் காத்துக்கிட்டுதான் இருந்தேன். கடுதாசி வந்துச்சு. கூப்புட்டு ஒரு வரி இல்ல."

வியாசர்பாடியில் தகரக் கொட்டகையில் ஆறு பேர் படுத்த கதை எனக்குத் தெரியும். கூப்பிட்டிருந்தால் எங்கே வைத்திருப்பார்கள்? தாத்தாவுக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். அதனால் இந்தப் பக்கம் "கூப்பிடுறோம்" என்றும், அந்தப் பக்கம் "அவ வரமாட்டேன்னுட்டா" என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கரையில் 54 வருஷம் மற்றவள் மேல் வருத்தத்தோடு இருந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் அம்மா அழுதார். பெரியம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "விடுடி, விடு. அப்பா பாவம்" என்றார். டிஷ்யூ என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை.

பிள்ளைகள் கத்திக்கொண்டே படகிலிருந்து இறங்கி வந்தார்கள். மீன் பூனைக்கு இருப்பதுபோல் மீசை வைத்திருக்கிறதாம்.

பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்கு

நாங்கள் போய் வந்த சில மாதங்களில் கொரோனா. 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு நாங்கள் போகவில்லை. பல நாட்டு அரசுகள் மியன்மார் பயணம் வேண்டாம் என்று எச்சரித்திருக்கின்றன. அதனால் உங்கள் நாட்டு அரசின் அறிவிப்பைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். போகக்கூடிய காலம் வந்தால், குளிர்காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. பகோடாவில் செருப்பு மட்டுமில்லை, சாக்ஸும் கழற்ற வேண்டும். முழங்காலும் தோளும் மூடிய உடை வேண்டும். தின்கன்ஜூனிலிருந்து கிளம்பினால் தன்லின், முனீஸ்வரர் கோயில், சௌக்தான் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள்.

ஆனால் உண்மையில் நான் சொல்ல வந்தது வேறு. நம்மில் நிறையப் பேருக்கு ஊர் என்பது ஒரே ஊர் இல்லை. பர்மாவோ, மலாயாத் தோட்டமோ, இலங்கை மலையகமோ, யாழ்ப்பாணமோ, நடுவில் ஒரு ஊர் இருக்கும். பெரியவர்கள் அதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியை நாமும் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். "எங்கிருந்து வந்தோம்" என்று மட்டும் கேட்காமல், "யார் வரவில்லை, ஏன்?" என்றும் கேளுங்கள். நாம் கேட்டால் மழுப்புவார்கள். பேரப்பிள்ளை கேட்டால் சொல்வார்கள். இதற்கு விமானம் ஏற வேண்டாம். ஒரு போன் போதும். இரண்டு பெரியவர்களும் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரியில் பள்ளியில் என் பெண் குடும்ப மரம் வரைந்தாள். போன வருஷம் வரைந்ததில் மேலே 'இந்தியா' என்று மட்டும் இருந்தது. இந்தத் தடவை நடுவில் குறுக்கே நீலக் கோடு ஒன்று போட்டிருந்தாள். ஆறாம். இந்தப் பக்கம் அம்மாச்சி, அந்தப் பக்கம் பெரிய அம்மாச்சி, அவருக்குக் கீழே பேரன். இன்னொரு ஓரத்தில் ஒரு சின்ன வீடு, ஆள் பெயர் இல்லை.

"இது யாரு?" என்றேன்.

"நெல்லு வீட்டு மாமா" என்றாள். "பேரு தெரியாது. ஆனா அவரும் ஃபேமிலிதானே?"

அதைப் போட்டோ எடுத்து பெரியம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. "ஹொத்தே" என்றார் பெரியம்மா. "ஹொத்தே, தாயி."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் பெரியம்மாவும் போனில் பேசுகிறார்கள். வணக்கத்தோடு முடிவதில்லை. சில நாள் சண்டையும் போடுகிறார்கள்.